எச்சமும் விழுக்காடும்

புறநானூற்றின் 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் மானுடப் பிறப்பில் நேரும் எட்டு வகை எச்சங்களை எண்ணிக் காட்டுகிறார். பார்வையின்மை, பேச்சின்மை, செவிகேளாமை, கூன், குறளுரு என்று செல்லும் அந்தப் பட்டியல் சோழன் நலங்கிள்ளிக்கு அறம் உரைப்பதற்காகச் சொல்லப்பட்டது. அத்தகைய பிறப்புகளால் பயனில்லை என்னும் பழங்கருத்து இன்று நமக்கு உவப்பானதன்று. ஆயினும் எண்ணிக்கை நம்மை நிறுத்துகிறது. இந்திய நாடாளுமன்றம் 1995இல் இயற்றிய ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளை மட்டுமே எண்ணியது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை எண்ணியது. சங்கப் புலவர் குறித்த குறளுருவுக்கு 1995இன் பட்டியலில் தனியிடம் இல்லை. 2016இல்தான் அது சட்டத்துக்குள் வந்தது.

பட்டியலில் இடம்பெறுவது ஒரு நிலை. இடம்பெற்ற பின் உதவியைக் கண்டடைவது வேறொரு நிலை. இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் தொலைவைச் சேலம், நாமக்கல் சமவெளியில் நின்று பார்க்க விழைகிறோம்.

காயத்துக்கு ஈடு கேட்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. 1965 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்த தருமபுரி, நடுகற்கள் நிறைந்த நிலம். பூசலில் வீழ்ந்த வீரனின் குடும்பத்துக்கு வழங்கப்பட்ட நிலத்தைத் தமிழகக் கல்வெட்டுகள் நெய்த்தோர்பட்டி என்றும் உதிரப்பட்டி என்றும் குறிக்கின்றன. இரண்டுக்கும் பொருள் ஒன்றே: குருதிக்கு ஈடான நிலம். குருதியை யார் பொருட்டுச் சிந்தினான் என்பதில் அங்கே ஐயமில்லை, ஊரே சாட்சி.

ஆலைக் காலத்தில் அந்தச் சாட்சியம் சிக்கலாயிற்று. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1884இல் விபத்துக் காப்பீட்டையும் 1889இல் முதுமை, ஊனம் ஆகியவற்றுக்கான காப்பீட்டையும் கொண்டுவந்தார். இந்தியாவில் 1923இல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. 1943இல் அமர்த்தப்பட்ட பி. பி. அடார்க்கர் மறு ஆண்டே அளித்த அறிக்கையின் வழியில் 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் பிறந்தது. மக்கள் வழக்கில் அது இ.எஸ்.ஐ. தமிழகத்தில் அது முதலில் நடைமுறைக்கு வந்தது 1955இல், கோவையில்.

1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையை நிதானமாகப் படித்தால் மனம் ஒரு கணம் துணுக்குறும். மனித உடல் அங்கே கூறு கூறாக எடைபோடப்பட்டிருக்கிறது. இரு கைகளும் போனால் 100 விழுக்காடு. கட்டைவிரலுக்கு 30. ஒரு கையில் இரு விரல்களுக்கு 20. மற்றொரு கண் நன்றாக இருக்க ஒரு கண்ணை இழந்தால் 40; விழி இருந்து பார்வை மட்டும் போனால் 30. இ.எஸ்.ஐ. சட்டத்தின் அட்டவணையும் இதே வழியில் சென்றது. குளிர்ந்த எண்கள்தாம். ஆனாலும் அவற்றுக்குப் பின்னால் ஒரு வாக்குறுதி இருந்தது. இ.எஸ்.ஐ.யில் பதிந்த தொழிலாளி பணியிடத்தில் நிரந்தரமாக ஊனமுற்றால், இழந்த உழைப்புத் திறனின் விழுக்காட்டுக்கு ஏற்ப வாழ்நாள் முழுதும் மாதந்தோறும் தொகை பெறலாம்.

நம் சமவெளியின் உழைப்பில் பெரும்பகுதி ஆலை வாயிலுக்கு வெளியே நடப்பதுதான் இடர். பள்ளிபாளையத்திலும் குமாரபாளையத்திலும் வீட்டை ஒட்டிய கூடத்தில் சில விசைத்தறிகள். திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் செல்லும் ஆழ்துளைக் கிணற்று வண்டிகள். நாமக்கல்லின் லாரிகளும் அவற்றுக்குக் கூடு கட்டும் பட்டறைகளும். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுக்குப் பற்றவைக்கும் வெள்ளிப் பட்டறைகள். இத்தனை பேர் வேலை செய்தால்தான் இ.எஸ்.ஐ. பொருந்தும் என்று சட்டம் ஓர் எண்ணிக்கையை வைத்திருக்க, அதற்குக் கீழேயே நின்றுகொள்ளும் கூடங்கள் இங்கே ஏராளம்.

ஒரு கற்பனை செய்வோம். விசைத்தறியின் நாடா தெறித்து நெசவாளியின் கண்ணில் பாய்கிறது. (தறி ஓடும் ஊர்க்காரர்களுக்கு இது கற்பனையாகவும் தோன்றாது.) பெரிய ஆலையில் இது நேர்ந்தால் விபத்துப் பதிவேடு உண்டு, இ.எஸ்.ஐ. மருத்துவர் உண்டு, மருத்துவக் குழு உண்டு. வீட்டுக் கூடத்தில் நேர்ந்தாலோ, தான் அங்கே வேலை செய்ததையே அவர் நிறுவ வேண்டியிருக்கும். அதிலும் ஒரு முடிச்சு உண்டு: முன்பணம். குமாரபாளையம் விசைத்தறிக் கூடங்களில் தொழிலாளர்கள் முன்பணத்தால் முதலாளியோடு கட்டுண்டிருக்கும் நிலையை மானிடவியலாளர் கீர்ட் டி நேவ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். பாக்கி வைத்திருப்பவர் இழப்பீடு கேட்டு வழக்காடுவது எங்ஙனம்? கண்ணை இழந்தவரே கடன்காரராகவும் இருக்கிறார்.

ஆகவே அவர் ஆலைச் சட்டத்தை விட்டு மாற்றுத்திறனாளிகளுக்கான திட்டங்களின் வாயிலுக்கு வருகிறார். (ஊனமுற்றோர் என்ற சொல்லை விலக்கி மாற்றுத்திறனாளி என்ற சொல்லை 2010இல் தமிழக அரசு ஏற்றது, தனித்துறையும் அப்போதே அமைந்தது. சொல் மாறியதைச் சிறிதென்று நாம் கருதவில்லை.) அங்கே காத்திருப்பது மற்றோர் அட்டவணை. 1995இன் சட்டம் சலுகைகளுக்கு வரையறுத்த எல்லை 40 விழுக்காடு. 2016இன் சட்டமும் அதையே கொண்டது. ஊனத்தை மதிப்பிட 2001இலும் 2018இலும் மைய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஒரு கண் முற்றிலும் பார்வையிழந்து மறுகண் நன்றாக இருப்பவருக்கு அளித்தது 30 விழுக்காடு. இழப்பீட்டு அட்டவணையில் 40 பெற்ற அதே கண் இங்கே 30 பெற்று வாயிலுக்கு வெளியே நின்றது. பிழை என்று எவரையும் சுட்ட இயலாது. முன்னது உழைப்புத் திறனை அளந்தது, பின்னது பார்வையை அளந்தது. ஆனால் நம் நெசவாளி, அறுந்த நூலைக் கண்ணால் கண்டு விரலால் முடிபவர். அவருக்குப் பார்வை வேறு, உழைப்பு வேறு அல்ல.

ஓய்வூதியத்தின் கதையும் இவ்வாறே. தமிழகத்தில் ஆதரவற்ற உடல் ஊனமுற்றோருக்கான ஓய்வூதியம் 1974இல் தொடங்கிற்று. பெயரிலேயே இரு நிபந்தனைகள்: ஊனமும் வேண்டும், ஆதரவின்மையும் வேண்டும். 2009இல் மைய அரசு கொண்டுவந்த இந்திரா காந்தி பெயரிலான ஓய்வூதியம் 80 விழுக்காடு கேட்டது. மாநிலத்தின் மாத உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாயிற்று.

மருத்துவக் காப்பீடு சற்றே பிந்தி வந்தது. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம். 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2018இல் அது மைய அரசின் திட்டத்தோடு இணைந்து 5 லட்சம் ரூபாய் வரை உயர்ந்தது. கடன் வாங்காமல் இதய அறுவை செய்துகொண்ட குடும்பங்களை நாம் அறிவோம். இத்திட்டங்களைக் குறைத்து மதிப்பிடுவது நன்றியின்மை. எனினும் அவற்றின் இயல்பு மருத்துவமனைச் சிகிச்சைகளின் பட்டியல். பனையிலிருந்து விழுந்து தண்டுவடம் முறிந்தவருக்கு அறுவை ஒருநாள். அதன்பின் சிறுநீர்க்குழாய், படுக்கைப்புண்ணுக்கு மருந்து, இயன்முறைப் பயிற்சி, அவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஓர் ஆள் என நாள்தோறும் செலவு. அந்த அன்றாடத்தை ஓரளவேனும் கருதியது 2008இல் வந்த நிரமயா காப்பீடு. ஒரு லட்சம் ரூபாய் வரை, புறநோயாளிச் செலவுக்கும் பயிற்சிக்கும் இடம் உண்டு. சேருமுன் மருத்துவச் சோதனை இல்லை. ஆனால் அது புற உலகச் சிந்தனையின்மை, மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கு வகையினருக்கு மட்டும் உரியது. தண்டுவடம் முறிந்தவர் அந்த நால்வருள் இல்லை. தனியார் காப்பீட்டுக் கதவைத் தட்டலாமே எனில், அதற்கே ஒரு வழக்கு வேண்டியிருந்தது: 2022 டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்ட பின்னரே, 2023 பிப்ரவரியில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மாற்றுத்திறனாளிகளுக்கான மாதிரித் திட்டத்தை வகுத்தது.

இவற்றையெல்லாம் ஒருவர் எவ்விதம் அறிகிறார்? அரசாணைகளைப் படித்தன்று. ஆட்சியர் அலுவலகங்களின் வெளியே மரநிழலில் சிறு மேசையிட்டு மனு எழுதித் தருவோர் உண்டு. எந்த உதவிக்கு எந்தச் சான்று, எந்தக் கிழமையில் முகாம், வருமானச் சான்றில் எந்தத் தொகைக்கு மேல் இருந்தால் கதவடையும் என்பதெல்லாம் அவர்கள் நாவில் இருக்கும். மாற்றுத்திறனாளிகளின் சங்கங்களிலும் இத்தகைய ஒருவர் இருப்பார். பெரும்பாலும் தாமே அந்தப் படிகளில் தவழ்ந்து ஏறி இறங்கிப் பாடம் கற்றவர். நலத்திட்ட வரலாற்றை எழுத முனைவோர் சட்டங்களின் ஆண்டுகளை வரிசைப்படுத்திவிட்டு இவர்களை விட்டுவிடுகிறார்கள். நாமும் மேலே அதைத்தான் செய்திருக்கிறோம்.

தொலைவையும் சொல்ல வேண்டும். நாமக்கல் 1997இல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதன் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில். கொல்லிமலையிலிருந்து இறங்குபவர் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தே சமவெளியை அடைய வேண்டும். முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்ட பழமொழியை நாமெல்லாம் சிரித்தபடி சொல்லியிருக்கிறோம். தேன் மலையில் இருக்கிறது; சான்றிதழோ அடிவாரத்துக்கும் அப்பால்.

2021 ஜூன் முதல் ஊனச் சான்று இணையவழியே மட்டும் வழங்கப்படுகிறது. 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகள் அடையாள அட்டைக்கு மூன்று நிறங்களை வகுத்தன: 40 விழுக்காட்டுக்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80க்கு மேல் நீலம். 2025 நவம்பர் 21 முதல் இழப்பீட்டுச் சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அடங்கிவிட்டன. நாடா தெறித்துக் கண்ணிழந்த நம் நெசவாளி இன்று விண்ணப்பித்தால் 30 விழுக்காட்டுக்கு உரிய வெள்ளை அட்டை கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு எந்த வாயிலுக்குப் போகலாம் என்று கேட்க, அவர் மீண்டும் அந்த மரநிழல் மேசைக்குத்தான் வர வேண்டும்.