அரசு அலுவலர்களின் தமிழ்த் தேர்வு: நெல்லைச் சீமை நோக்கில் ஒரு வரலாறு

அரசுப் பணியில் இருப்பவருக்கு மக்களின் மொழி தெரியுமா என்று தேர்வு வைத்து அறியும் வழக்கம் தமிழகத்தில் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்டது. யாரைச் சோதிப்பது என்பது காலந்தோறும் மாறியது. எந்தத் தமிழைச் சோதிப்பது என்ற கேள்வி இன்றும் தொடர்கிறது. நிலமும் நீரும் வாழ்வாதாரமான தாமிரபரணிப் பாசனப் பகுதியில் இக்கேள்வி விவசாயியின் வரவு செலவைத் தொடுவதாகும்.

துபாஷிகளின் காலம்

1801இல் ஆற்காட்டு நவாபுடன் ஏற்பட்ட உடன்படிக்கையால் திருநெல்வேலிச் சீமையின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. வரி விதிப்பும் வழக்கு விசாரணையும் ஆங்கிலேய அதிகாரிகளின் பொறுப்பாயின. தமிழ் அறியாத அதிகாரி, துபாஷி எனப்பட்ட இருமொழியாளரை நம்பியே வேலை செய்ய வேண்டியிருந்தது. குடியானவர் சொன்னதும் அதிகாரிக்குச் சொல்லப்பட்டதும் ஒன்றுதானா என்று சரிபார்க்க இருவருக்குமே வழியில்லை.

கல்விச் சங்கமும் இரு தமிழும்

இக்குறையைப் போக்க, பிரான்சிஸ் வைட் எல்லிஸின் முயற்சியால் 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கப்பட்டது. தமிழில் இது சென்னைக் கல்விச் சங்கம் எனப்பட்டது. இங்கிலாந்திலிருந்து வந்த இளம் அதிகாரிகள் இங்கே தென்னிந்திய மொழிகளைக் கற்றுத் தேர்வு எழுதினர். 1854 வரை இக்கல்லூரி இயங்கியது.

தமிழ் கற்ற ஐரோப்பியர் எல்லோரும் ஒரு சிக்கலைச் சந்தித்தனர். நூல்களின் தமிழ் வேறு, தெருவில் கேட்ட தமிழ் வேறு. காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர் இதை முன்பே உணர்ந்து, செந்தமிழுக்கும் கொடுந்தமிழுக்கும் தனித்தனியே இலக்கணம் எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. சாயர்புரத்தில் கல்விப்பணி செய்த ஜி. யு. போப், வழக்குத் தமிழைக் கற்பிக்கக் கைந்நூல் எழுதினார். பின்னாளில் ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்தார்.

ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின்

1956இல் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டதும் நிலைமை தலைகீழானது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டிருந்தும் ஆங்கிலத்திலேயே கோப்பு எழுதிப் பழகிய அலுவலர், இனித் தமிழில் எழுதக் கற்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு உதவ ஆட்சிச்சொல் அகராதி வெளியிடப்பட்டது. தமிழறிவு போதாமல் பணியில் சேர்ந்தவர் இரண்டு ஆண்டுகளுக்குள் மொழித்தேர்வில் தேற வேண்டும் என்ற விதியும் இருந்தது.

2021 டிசம்பரில் வெளியான அரசாணை, பணியில் சேர்வதற்கு முன்பே தமிழ்த் தகுதித்தாளில் 40 விழுக்காடு மதிப்பெண் பெறுவதைக் கட்டாயமாக்கியது. தொகுதி 2 முதன்மைத் தேர்வின் தகுதித்தாளில் மொழிபெயர்ப்பு, சுருக்கி வரைதல், கடிதம் எழுதுதல் போன்றவை இடம்பெற்றன. இளநிலை உதவியாளர், கிராம நிர்வாக அலுவலர் பணிகளுக்கான தொகுதி 4 தேர்விலோ விடையைத் தேர்ந்தெடுக்கும் கொள்குறி வினாக்களே உள்ளன. மக்களை அன்றாடம் நேரில் சந்திப்பவர்கள் இவர்களே. இவர்களின் எழுத்தும், கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் அத்தேர்வில் அளக்கப்படுவதில்லை.

பிசானம் என்னும் சொல்

இதன் விளைவை ஒரு சொல்லால் விளக்கலாம். தாமிரபரணிக் கரையில் நெற்பருவங்கள் கார், பிசானம் எனப்படும். காவிரிக் கரையின் குறுவை, சம்பா, தாளடி என்ற பெயர்களில் பழகிய அலுவலர் ஒருவர், "பிசானம் கருகிப்போச்சு" என்று மனுவோடு வருபவரின் சொல்லைப் பிடிக்கத் தவறலாம். அடங்கலில் பயிர் தவறாகப் பதிவானால் பயிர்க் காப்பீட்டுத் தொகையும் நிவாரணமும் கேள்விக்குறியாகும்.

மறுபுறம் பசலி, ஜமாபந்தி, சிட்டா போன்ற வருவாய்த்துறைச் சொற்களை மனுதாரருக்கு எளிய தமிழில் விளக்குவதும் அலுவலரின் கடமை. அரசாணையின் ஆங்கில வாசகத்தை அவருக்குப் புரியும்படி சொல்வதும் அதில் அடங்கும். இலக்கணப் பிழையின்றி எழுதுபவர் இதில் தேர்ந்தவராக இருப்பார் என்ற உறுதி இல்லை.

எனவே மொழித்தேர்வு மூன்றைச் சோதிப்பது பயன் தரும்: வட்டார வழக்கில் சொல்லப்படும் குறையைக் கேட்டுச் சரியாகக் குறித்தல், ஆங்கில ஆணையைத் தமிழில் தருதல், மனுவுக்குத் தெளிவான பதில் எழுதுதல். பணியிட மாறுதலில் வருபவருக்கு அவ்வட்டாரத்தின் வேளாண், பாசனச் சொற்களில் சிறு பயிற்சி அளிப்பதும் பயனுள்ளது. துபாஷிகள் மறைந்துவிட்டனர், மக்கள் சொன்னது கோப்பில் அப்படியே ஏறியதா என்று பார்க்க வேண்டிய தேவை மறையவில்லை.