பிரம்புக்குப் பிறகு: நடுநிலை வகுப்புகளில் எழுதப்படாத தண்டனைகள்

“நாளைக்கு அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கிட்டு வந்தாத்தான் கிளாசுக்குள்ள வரணும்.” தமிழ்நாட்டில் ஆறு முதல் எட்டு வகுப்பு வரை படித்த எவருக்கும் இந்த வாக்கியம் பழக்கமானது. வீட்டுப்பாடம் எழுதாததற்கும் இதே வாக்கியம்தான், பக்கத்துப் பையனின் மண்டையை உடைத்ததற்கும் இதேதான். எந்த அரசாணையும் இதைத் தண்டனை என்று வகைப்படுத்தவில்லை. சொன்ன ஆசிரியரைக் கேட்டால் “பெற்றோருக்குத் தகவல் சொல்கிறோம், அவ்வளவுதான்” என்பார். இக்கட்டுரை அதைத் தண்டனை என்றே கொள்கிறது. பிரம்பு ஒழிந்தபின் நம் வகுப்பறைகளில் எஞ்சியிருக்கும் தண்டனைகளில் மிகக் கடுமையானது இதுதான் என்பதும், இதன் கடுமை பிள்ளை செய்த தவற்றால் அல்லாமல் அந்தப் பிள்ளையின் வீட்டு வருமானத்தால் தீர்மானிக்கப்படுகிறது என்பதும் இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

பிரம்பு சட்டப்படி எப்போது போனது என்பதை முதலில் பார்க்கலாம். டெல்லி பள்ளிக் கல்வி விதிகளில் உடல் தண்டனையை அனுமதித்த பகுதியை 2000-ஆம் ஆண்டு டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாது என அறிவித்தது. தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-ஆம் விதி 2003-இல் திருத்தப்பட்டு, திருத்துகிறோம் என்ற பெயரில் பிள்ளைக்கு உடல் வலியோ மன வலியோ தருவது தடுக்கப்பட்டது. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. அந்தச் சட்டத்துக்கு முன் அடி எவ்வளவு பரவலாக இருந்தது என்பதை ஓர் ஆய்வு காட்டுகிறது. 13 மாநிலங்களில் ஆய்வு நடத்தி மத்திய பெண்கள், குழந்தைகள் நல அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட அறிக்கை, பள்ளி செல்லும் பிள்ளைகளில் 65 விழுக்காட்டினர் உடல் தண்டனைக்கு உள்ளானதாகச் சொன்னதாகக் கூறுகிறது. முழங்காலிட வைப்பது, பெஞ்சின் மேல் ஏற்றி நிறுத்துவது, புத்தகப் பையைத் தலையில் சுமந்து நிற்க வைப்பது ஆகியவையும் உடல் தண்டனையே என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் தெளிவாகக் கூறுகின்றன. அந்த வழிகாட்டுதல்களைத் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் உத்தரவிட நேர்ந்ததிலிருந்தே, தடை எழுதப்பட்டதும் அடி நின்றுவிடவில்லை என்பதைப் புரிந்துகொள்ளலாம்.

இத்தனை ஆவணங்களும் செய்யக்கூடாதவற்றைத் துல்லியமாகச் சொல்கின்றன. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தொடர்ந்து மூன்று நாள் வகுப்பைக் குலைத்தால் நான்காம் நாள் ஆசிரியர் என்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம், யாரிடம் கேட்டுச் செய்யலாம் என்பது பெரும்பாலான பள்ளிகளில் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. அந்த வெற்றிடத்தில்தான் வெளியே நிற்க வைத்தல், நூறு முறை இம்போசிஷன், மன்னிப்புக் கடிதம், பெற்றோரை அழைத்தல், கடைசியாக டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) கொடுத்து அனுப்பும் மிரட்டல் என்ற வாய்வழிச் சட்டம் குடியேறியது.

இங்கே ஓர் ஒப்பீடு பொருத்தமாக இருக்கும். அரசுப் பள்ளி ஆசிரியர் மீது குற்றச்சாட்டு எழுந்தால் 1955-ஆம் ஆண்டின் தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு, மேல்முறையீடு) விதிகள் அவருக்குத் துணை நிற்கின்றன. சிறு தண்டனை என்றால் 17(அ), பெருந்தண்டனை என்றால் 17(ஆ) குறிப்பாணை வரும். குற்றம் என்ன என்று எழுத்தில் சொல்ல வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், தண்டித்தால் மேல்முறையீட்டுக்கு வழி விட வேண்டும். இது நியாயமான ஏற்பாடு. ஆசிரியர் சங்கங்கள் இதைக் கண்ணும் கருத்துமாகக் காத்து வருவதும் நியாயமே. அதே ஆசிரியரின் வகுப்பில் அமர்ந்திருக்கும் ஏழாம் வகுப்புச் சிறுமிக்கு இதில் ஒன்றுகூட இல்லை. தன் பெயர் ஏன் பலகையில் ஏறியது என்று கேட்டாலே “எதிர்த்துப் பேசுகிறாயா?” என்று இரண்டாவது குற்றம் அவள் மேல் விழுகிறது.

பலகையில் பெயர் ஏறுவதற்கு நீண்ட வரலாறு உண்டு. திண்ணைப் பள்ளியில் வாத்தியாருக்குப் பதிலாக அதிகாரம் செலுத்திய சட்டாம்பிள்ளையின் இடத்தில்தான் இன்றைய கிளாஸ் லீடர் நிற்கிறார். ஆசிரியர் வெளியே போனதும் ‘பேசியவர்கள்’ என்று தலைப்பிட்டுப் பெயர்களை எழுதி, அடங்காதவர்களுக்கு ‘மி.அ.’ போட்டு, நண்பனின் பெயரை மட்டும் அழித்துவிடும் அந்த அதிகாரம் நம்மில் பலர் கண்ட முதல் நீதிமன்றம். இதே மண்ணில் வேறொரு முறையும் சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. 1789-இல் சென்னை எழும்பூரில் தொடங்கிய படைவீரர் அனாதைச் சிறுவர் இல்லத்தின் பொறுப்பாளராக இருந்த ஆண்ட்ரூ பெல், 1797-இல் லண்டனில் வெளியிட்ட தன் நூலில் அங்கு கையாண்ட முறையை விவரித்தார். தவறுகள் ஒரு கறுப்புப் புத்தகத்தில் எழுதப்பட்டன. வாரந்தோறும் பள்ளி முழுவதும் கூடிய அவையில் அவை படிக்கப்பட்டன. சிறுவர்களே நடுவர்களாக அமர்ந்து தீர்ப்புச் சொன்னார்கள். மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையாக மட்டுமே ‘மதராஸ் முறை’ உலகெங்கும் போயிற்று. அதன் பதிவேடும் விசாரணையும் பிறந்த ஊரிலேயே மறக்கப்பட்டன. பெல்லின் பள்ளி காலனியப் படையின் தேவைக்காக நடந்த ஒன்று. அதை முன்மாதிரியாகக் கொள்ளச் சொல்லவில்லை. குற்றத்தை எழுதி வைப்பதும், எல்லோர் முன்னும் படிப்பதும், பையனைப் பேச விடுவதும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கு முடிந்த காரியங்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

இப்போது பெற்றோரை அழைக்கும் தண்டனைக்கு வருவோம். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். 2024–25-இல் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 319 ரூபாய். வேலைத்தளத்தில் காலையிலும் பிறகும் செயலியில் புகைப்படம் எடுத்து வருகையைப் பதிவு செய்வது 2023 ஜனவரியிலிருந்து கட்டாயமாயிற்று. காலைப் படத்தில் முகம் இல்லையென்றால் அன்றைய கூலி கேள்விக்குறிதான். பத்து மணிக்குத் தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்கும் அந்தத் தாய், மகன் வீட்டுப்பாடம் எழுதாததற்காக ஒரு நாள் சாப்பாட்டுச் செலவை அபராதமாகக் கட்டிவிட்டுத்தான் நிற்கிறார். திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனத்தில் ஷிப்டு விட்டு வரும் தகப்பனுக்கும் அதே கணக்கு. செங்கல் சூளை வேலைக்குப் போனவர்களின் பிள்ளையோ ஆயாவோடு இருக்கிறது. ஆயாவுக்கு நடக்க முடியாது. அதே தவற்றைச் செய்த அரசு ஊழியரின் மகனுக்கு அப்பா ஒரு மணி நேர அனுமதி போட்டு வந்து, நாற்காலியில் அமர்ந்து பேசிவிட்டுப் போவார். தவறு ஒன்றாகவும் தண்டனை வேறு வேறாகவும் இருப்பதை எந்தச் சட்ட அறிஞரும் தண்டனை முறை என்று ஒப்புக்கொள்ளமாட்டார்.

தண்டனை வீடு வரை போவது இன்னொரு பக்கம். ‘அடியாத மாடு படியாது’ என்பதை வேதவாக்காகக் கொண்டு, “கண்ணு ரெண்டையும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்” என்று ஆசிரியரிடம் ஒப்படைத்துப் போன பெற்றோரின் தலைமுறை இன்னும் மறைந்துவிடவில்லை. பள்ளியில் ஆசிரியர் கையோங்குவதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. கூலி போன கோபத்தில் தகப்பன் வீட்டில் பெல்ட்டைக் கழற்றுவதை அது தடுக்க முடியாது. பள்ளி தான் செய்யக்கூடாத ஒன்றை, தான் பார்க்காத இடத்தில், வேறொருவர் கையால் செய்விக்கிறது. எந்த ஆசிரியரும் இதை வேண்டுமென்று செய்வதில்லை என்பதை முழு மனதோடு நம்புகிறேன். விளைவு மட்டும் இதுதான். பிள்ளைகளும் இதை நன்றாக அறிவார்கள். அதனால்தான் தெருமுனைக் கடை அண்ணனை ‘மாமா’ என்று சொல்லிக் கூட்டி வரும் நாடகம் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. மாமா கிடைக்காத பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கே வராது. இரண்டு நாள் நான்காகி, நான்கு பத்தாகி, பிறகு அந்த இருக்கை காலியாகவே இருந்துவிடும். பெற்றோர் வரும்வரை வகுப்புக்குள் விடமாட்டோம் என்பது அரசியல் சட்டத்தின் 21(அ) கூறு தரும் கல்வி உரிமையை ஒரு வாய்மொழியால் நிறுத்தி வைப்பது. இதில் தயக்கத்துக்கு இடமில்லை.

டி.சி. மிரட்டலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது வெளிப்படையான சட்டமீறல். தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்பு வரை, எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் நிறுத்தி வைக்க வழி திறந்த 2019 திருத்தம்கூட இந்த வரியைத் தொடவில்லை. ஆசிரியரிடம் தகாதபடி நடந்த மாணவர்களின் காணொளிகள் பரவிய 2022-இல், அப்படிப்பட்டவர்கள் நீக்கப்படுவார்கள், காரணம் சான்றிதழிலும் குறிக்கப்படும் என்று பள்ளிக் கல்வித் துறை அமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஆசிரியர்களின் அச்சத்துக்கு அது ஆறுதலாக இருந்திருக்கலாம். ஆனால் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. அவர்களை வெளியேற்ற விரும்பும் பள்ளிகள், ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ டி.சி. கேட்பதாகப் பெற்றோரிடமே கடிதம் எழுதி வாங்கிக்கொள்கின்றன. எழுதப் படிக்கத் தெரியாத தாயின் கைநாட்டு அந்த விருப்பத்துக்குச் சாட்சியாகிறது.

எழுதப்படாத அதிகாரம் சாதியோடு சேரும்போது என்ன ஆகும் என்பதையும் தமிழ்நாடு பார்த்துவிட்டது. பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததற்காக ஈரோடு மாவட்டத்தில் தலைமையாசிரியர் ஒருவர் 2022-இல் கைதானார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கைக்கயிறுகளைத் தடை செய்வது, 500-க்கு மேல் மாணவர் உள்ள பள்ளிகளில் நல அலுவலரை அமர்த்துவது, ஆறாம் வகுப்பு முதலே அறநெறிப் பாடம் நடத்துவது என அதன் பரிந்துரைகள் விரிந்தன. கயிறுத் தடையைப் பலரும் விவாதித்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. யாருக்கு இம்போசிஷன், யாருக்குத் துடைப்பம் என்பதை ஒருவரின் மனம் மட்டும் முடிவு செய்யும்வரை, அந்த மனதுக்குள் இருக்கும் சாதியும் சேர்ந்தே முடிவு செய்யும். எல்லோருக்கும் தெரிந்த எழுத்து விதி அந்த மனதைக் கழுவிவிடாது. அதன் கையை மட்டுமாவது கட்டும்.

“ஏற்கெனவே எங்கள் கையைக் கட்டிப் போட்டுவிட்டார்கள்” என்பது ஆசிரியர்களின் நெடுநாள் முறையீடு. அதை எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. பதிவேடுகளும் செயலிகளும் தின்ற நேரம் போக, அந்த 35 பேரில் ஒருவனின் கோபத்துக்குக் காரணம் கேட்க அவருக்கு நேரம் எங்கே? பிரம்பைப் பறித்த அரசு அதற்கு ஈடாகப் பயிற்சியையோ துணைக்கு ஆளையோ போதுமான அளவில் தரவில்லை. ஆனால் எழுதிய விதி ஆசிரியருக்கும் அரண். “முதலில் பேசினேன், பிறகு எழுதி வைத்தேன், பிறகு தலைமையாசிரியரிடம் சொன்னேன்” என்று காட்ட ஒரு பதிவேடு இருந்தால், கோபத்தில் வந்து நிற்கும் பெற்றோருக்கும் பதில் உண்டு, துறை விசாரணைக்கும் பதில் உண்டு.

இந்த வயதுப் பிள்ளைகளுக்கு விதி புரியுமா என்று கேட்பவர்கள் கோலிக்குண்டு ஆடுமிடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜீன் பியாஜே 1932-இல் வெளிவந்த தன் ஆய்வை அங்கிருந்துதான் தொடங்கினார். விதி பெரியவர்களிடமிருந்து இறங்கி வந்த மாற்றமுடியாத கட்டளை என்று சிறு குழந்தை நினைக்கிறது. பத்து வயதுக்குப் பிறகு, விதி நாம் கூடிப் பேசி வைத்துக்கொண்டது என்ற அறிவு பிறக்கிறது. நடுநிலை வகுப்பு சரியாக அந்த வாசலில் நிற்கிறது. காரணம் சொல்லாத தண்டனை அந்தப் பிள்ளையை மறுபடியும் ஆறு வயதுக்குத் தள்ளிவிடுகிறது.

புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. முக்கால் பங்கு பெற்றோரும் பாதிக்குப் பாதி பெண்களும் இருக்க வேண்டிய பள்ளி மேலாண்மைக் குழு கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி ஏற்கெனவே இருக்கிறது. கல்வியாண்டின் தொடக்கத்தில் ஏழெட்டு விதிகளைப் பிள்ளைகளோடு கூடிப் பேசி, நல்ல தமிழில் எழுதி, அந்தக் குழுவின் கூட்டத்தில் படித்துக் காட்டலாம். உடைத்ததைச் சேர்ந்து சரி செய்வது, புண்படுத்தியவரிடம் நேரில் பேசுவது என விளைவு தவற்றோடு ஒட்டியதாக இருக்கட்டும். எந்த முடிவுக்கும் முன்னால் பிள்ளையின் பக்கத்தைக் கேட்டு இரண்டு வரி எழுதி வைக்கட்டும். பெற்றோரிடம் பேச வேண்டுமென்றால் ஆசிரியர் தொலைபேசியில் பேசலாம். நேரில்தான் பேச வேண்டுமென்றால் மாலையில், அவர்கள் வேலை முடிந்து வந்தபின் பேசலாம். அந்த அழைப்பு பிள்ளையின் வாய்வழியாகப் போகக் கூடாது. பெற்றோர் வரும்வரை பிள்ளை வகுப்பில்தான் இருக்க வேண்டும்.

தலைமையாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் இந்தப் பள்ளியிலிருந்து நீக்க முடியாது என்ற வரியை, வருகைக் கணக்கு எழுதும் பலகைக்குப் பக்கத்தில், பிள்ளைகள் படிக்கும் உயரத்தில் எழுதி வையுங்கள்.