வேண்டாத மறுமை: தமிழ்ப் பகுத்தறிவு மரபில் சாவுக்குப் பிந்திய வாழ்வு பற்றிய விழைவு

மறுமை இல்லை என்று தெளிந்த ஒருவர், அது இருந்திருந்தால் நன்றாயிருக்குமே என்று உள்ளூர விரும்புவாரா என்ற கேள்வியை ஐரோப்பிய மெய்யியல் நெடுங்காலமாக எழுப்பி வந்திருக்கிறது. சாவு நமக்குரிய அனுபவமே அன்று, ஆகையால் அஞ்ச வேண்டியதில்லை என்று எபிகூரசு கற்பித்ததிலிருந்து, முடிவே இல்லாத வாழ்வு காலப்போக்கில் பொருளற்ற சலிப்பாகிவிடும் என்று பெர்னார்டு வில்லியம்ஸ் 1973இல் வெளியிட்ட கட்டுரையில் வாதிட்டது வரை, அந்த விவாதம் முழுவதும் ஓர் எடுகோளின் மேல் நிற்கிறது. சாவுக்குப் பிந்திய வாழ்வு உண்டென்றால் அது விரும்பத்தக்கது, அதை இழப்பவர் ஒரு நலனை இழக்கிறார் என்பதே அந்த எடுகோள். தமிழ்நிலத்தில் இந்த எடுகோள் செல்லாது. இங்கே மறுபிறப்பை முழுமையாக நம்பியவர்களே அது தமக்கு வேண்டாம் என்று வேண்டினார்கள். விரும்புவதானால் பிறவாமையை விரும்ப வேண்டும் என்பது திருக்குறளின் அவாவறுத்தல் அதிகாரம் தரும் அறிவுரை. காரைக்கால் அம்மையாரும் பிறவாமையையே வரமாகக் கேட்டதாகப் பெரியபுராணம் சொல்கிறது. ஆகவே தமிழ் நாத்திகர் மறுமையை மறுத்தபோது ஓர் ஆறுதலை உதறினாரா, ஒரு சுமையை இறக்கி வைத்தாரா என்பது முதலில் தீர்க்கப்பட வேண்டிய வினாவாகிறது.

மறுமை மறுப்பின் மிகப் பழைய தமிழ்ச் சான்றுகள் அனைத்தும் அதன் எதிரிகளின் நூல்களில் உள்ளன. மணிமேகலையின் 27ஆம் காதையில் பேசும் பூதவாதி, அதாவது உலகம் ஐம்பூதங்களின் கூட்டன்றி வேறில்லை என்பவன், தாதகிப் பூவும் வெல்லமும் சேர்ந்த கலவையில் வெறியூட்டும் தன்மை பிறப்பதுபோல் பூதங்களின் சேர்க்கையில் உணர்வு பிறக்கிறது என்றும், சேர்க்கை கலையும்போது அது அழிகிறது என்றும், இன்ப துன்பங்கள் இப்பிறப்போடு முடிகின்றன என்றும் உரைக்கிறான். மணிபல்லவத்தில் தன் முற்பிறப்பை அறிந்து வந்தவளான மணிமேகலை அவனைப் பார்த்து நகைக்கிறாள். சமண நூலான நீலகேசி பூதவாதச் சருக்கத்தோடு நிறைவுறுகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருள்நந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் பரபக்கம், பொருள்முதல்வாதிகளான உலகாயதரின் மதத்தைக் கூறி மறுப்பதிலிருந்தே தொடங்குகிறது. இந்நூல்கள் உலகாயதர்மீது சுமத்தும் குறைகள் பல. காட்சியை மட்டுமே அளவையாகக் கொள்கிறார், கருதலளவையைத் தள்ளுகிறார், இன்ப நுகர்ச்சியில் மூழ்குகிறார் என்பன அவற்றில் முதன்மையானவை. அவர் மறைவாக மறுமைக்கு ஏங்குகிறார் என்று மட்டும் எந்த எதிரியும் குற்றம் சாட்டவில்லை. அப்படிக் குற்றம் சாட்ட, மறுபிறப்பு ஏங்கத்தக்க பொருளாக இருந்திருக்க வேண்டும். வினைப்பயனை நுகர மீண்டும் மீண்டும் உடலெடுப்பது சமணர்க்கும் பௌத்தர்க்கும் சைவர்க்கும் ஒன்றுபோலத் தளையாகவே பட்டது.

நீடித்து வாழும் விருப்பம் தமிழில் இல்லாமல் போகவில்லை. அது மறுமையை விட்டு உடலை நாடிச் சென்றது. சித்தர் மரபின் காயசித்தி, அதாவது உடம்பை அழியாமல் நிலைநிறுத்தும் முயற்சி, அந்த விருப்பத்தின் வடிவமே. 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று திருக்காப்பிட்டுக்கொண்ட இராமலிங்க அடிகள் போதித்த மரணமிலாப் பெருவாழ்வும் மேலுலகப் பேறாக அன்றி இவ்வுடம்போடு கூடிய வாழ்வாகவே கூறப்பட்டது. அடிகள் இறைநம்பிக்கையாளர், நாத்திகரின் வரிசையில் அவரைச் சேர்ப்பது பிழை. எனினும் சாதியையும் சாத்திரத்தையும் மறுத்த ஒருவர் விழைவின் இடத்தை மறுமையிலிருந்து இம்மைக்கு மாற்றியது பின்வந்தோரைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

மறுபிறப்பு விரும்பத்தக்க ஒன்றாக மாறியது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். இலண்டனில் சார்லஸ் பிராட்லா 1866இல் நிறுவிய தேசிய மதச்சார்பற்றோர் சங்கத்தின் தாக்கம் 1880களில் சென்னையை எட்டியது. சென்னை இலௌகிக சங்கத்தார் தத்துவ விவேசினி என்னும் இதழில் கடவுளையும் மோட்ச நரகங்களையும் வினாவுக்கு உள்ளாக்கினர். பிராட்லாவின் நெருங்கிய தோழராக நாத்திகப் பரப்புரை செய்த அன்னி பெசன்ட் 1889இல் பிரம்மஞான சங்கத்தில் சேர்ந்து, 1893இல் இந்தியா வந்து, 1907இல் அச்சங்கத்தின் தலைவரானார். இது ஒருவரின் மனமாற்றமாக மட்டும் கருதத்தக்கதன்று. பிரம்மஞானியர் கற்பித்த மறுபிறப்பு பழைய தளை அன்று. ஒவ்வொரு பிறவியிலும் உயிர் அறிவிலும் அன்பிலும் ஒரு படி மேலே ஏறுகிறது என்ற பரிணாமக் கொள்கை அது. தீர்ப்பளிக்கும் கடவுளும் நரகமும் இல்லாமலே தொடர்ச்சியை வாக்களித்த அக்கொள்கை, மறுமையை விரும்ப நினைத்தும் மதத்தை ஏற்க முடியாத படித்தவர்க்கு வாய்ப்பாயிற்று.

இந்தப் புதிய மறுமைக்கு எதிரான இரு விடைகள் சித்தூர் மாவட்டத்தின் எல்லைப்புறத்திலிருந்தும் அதை அடுத்த நிலத்திலிருந்தும் எழுந்தன. மாவட்டத்தின் தென்மேற்குக் கோடியில், குப்பத்தை ஒட்டி, தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் குடுபல்லியைக் கடந்து அன்றைய மைசூர் எல்லைக்குள் நுழைந்தால் கோலார் தங்கவயல். வடக்கே சென்றால் மதனப்பள்ளி. முதல் விடை தங்கவயலின் தமிழ்த் தொழிலாளரிடையே வேர்கொண்டது.

அயோத்திதாசர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை, வட ஆர்க்காட்டிலிருந்தும் சுற்றுப்புறங்களிலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்து குடியேறிய ஒடுக்கப்பட்ட மக்களிடையே மாரிக்குப்பத்தில் வளர்ந்தது. அயோத்திதாசர் 1914இல் மறைந்த பின், அவர் நடத்திய தமிழன் இதழ் 1926 முதல் ஜி. அப்பாதுரையாரால் தங்கவயலிலிருந்து மீண்டும் வெளியிடப்பட்டது. இவ்வியக்கத்துக்கு அறிவியல் சார்ந்த மெய்யியலை வழங்கியவர், சென்னையில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர் பொ. லட்சுமி நரசு. 1907இல் ஆங்கிலத்தில் வெளியான அவருடைய 'பௌத்தத்தின் சாரம்' உயிர் ஒன்று உடல்விட்டு உடல் பாய்வதை முற்றாக மறுத்தது. நிலையான ஆன்மா இல்லையெனில் கூடு பாய்வதற்கும் ஏதுமில்லை; மனிதரின் செயலும் பண்பும் எண்ணமும் பிறரிடத்தில், வழித்தோன்றல்களிடத்தில், சமூகத்தில் தொடர்கின்றன என்பதே கன்மத்தின் பொருள் என்று அவர் விளக்கினார்.

இந்த விளக்கத்தின் கனத்தை உணர, அதைக் கேட்டவர் யார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். தாழ்ந்த சாதியில் பிறந்தது முற்பிறவியின் தீவினையால் என்று அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டிருந்தது. மறுபிறப்பு அவர்களைப் பொறுத்தவரை எதிர்காலத்தைப் பற்றிய வாக்குறுதியாகத் தோன்றுவதற்கு முன்பே கடந்தகாலத்தைப் பற்றிய தண்டனையாகத் தோன்றியது. அதை மறுத்தவுடன் நிகழ்கால இழிவுக்கு இருந்த நியாயமும் சரிந்துவிடுகிறது. பாறை வெடிப்பிலும் நுரையீரலைத் தின்னும் சிலிக்காத் தூசியிலும் சாவை நாள்தோறும் அருகில் கண்ட சுரங்கத் தொழிலாளரிடையே, அழியாத ஆன்மாவை வாக்களிக்காத ஒரு மார்க்கம் வேர்கொண்டது தமிழ்ச் சமூக வரலாற்றில் இன்னும் உரிய கவனம் பெறாத நிகழ்வு. சாவு நெருங்கினால் மனிதர் மறுமையைப் பற்றிக்கொள்வர் என்ற பொதுக் கருத்துக்கு இது வலுவான எதிர்ச்சான்று. நரசுவின் நூலுடைய மூன்றாம் பதிப்பு 1948இல் அம்பேத்கரின் முன்னுரையோடு வந்தது. 1957இல் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் அம்பேத்கர் மறுபிறப்பைப் பூதங்களின் மறுசேர்க்கையாகப் பொருள்கொள்வதில் நரசுவின் தடத்தைக் காணலாம்.

இரண்டாம் விடையைத் தந்த ஜித்து கிருஷ்ணமூர்த்தி 1895இல் மதனப்பள்ளியில் பிறந்தவர். அவ்வூர் 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. தந்தை நாராயணய்யா வருவாய்த்துறையில் பணியாற்றிய பிரம்மஞானி. 1905இல் தாயை இழந்த சிறுவன், இறந்த தாயின் உருவத்தை வீட்டில் கண்டதாகப் பின்னர் எழுதிவைத்தான். 1909இல் குடும்பம் அடையாற்றுக்குக் குடிபெயர்ந்தபின் பிரம்மஞானியரான லெட்பீட்டர் அவனை வரவிருக்கும் உலக ஆசானின் கலமாக அடையாளம் காட்டி, ஆல்சியோனி என்னும் பெயரில் அவனுடைய முற்பிறவிகளின் வரலாற்றைத் தொடராக எழுதி வெளியிட்டார். மறுபிறப்பு என்ற கருத்து இத்தனை விரிவாக, பிறவி பிறவியாக, உயிரோடிருக்கும் ஒரு சிறுவனுக்கு எழுதி அளிக்கப்பட்டது அரிது.

அக்கட்டுமானத்தைச் சிதைத்தது ஓர் இழப்பு. தம்பி நித்யானந்தா காசநோயால் 1925 நவம்பர் 13 அன்று கலிபோர்னியாவின் ஓஹாயில் இறந்தார். இந்தியாவுக்குக் கப்பலில் வந்துகொண்டிருந்த கிருஷ்ணமூர்த்திக்குச் செய்தி வழியிலேயே எட்டியது. தம்பியின் உயிர் காக்கப்படும் என்ற உறுதியை அவர் நம்பியிருந்தார். 1929 ஆகஸ்டு 3 அன்று ஹாலந்தின் ஓம்மன் நகரில், தமக்காக உருவாக்கப்பட்ட விண்மீன் சங்கத்தை அவரே கலைத்தார்.

கிருஷ்ணமூர்த்தியைப் பொருள்முதல்வாதி என்பது பொருந்தாது. நம்பிக்கை என்னும் மனநிலையையே ஏற்காதவர் என்ற பொருளில்தான் அவர் இவ்வாய்வுக்குள் வருகிறார். மறுபிறப்பு உண்டா என்று கேட்டவர்களிடம், தொடர வேண்டும் என்று விரும்புவது எது என்று அவர் திருப்பிக் கேட்டார். பெயர், உடைமை, உறவு, நினைவு ஆகியவற்றின் தொகுப்பையே மனிதர் 'தான்' என்கிறார். அது தொடர வேண்டும் என்ற விழைவு அச்சத்தின் மறுவடிவம். ஒவ்வொரு நாளும் அத்தொகுப்புக்கு முடிவு கட்டுபவர்க்குச் சாவு தனியொரு சிக்கலாக நிற்பதில்லை என்பது அவர் கொண்ட முடிவு. நரசு மறுமையின் சான்றைச் சோதித்தார் என்றால், கிருஷ்ணமூர்த்தி மறுமையின் விருப்பத்தைச் சோதித்தார். மெய்யியல் நோக்கில் இது ஆழமானது. ஆனால் பிறப்பால் இழிவு சுமத்தப்பட்டவர்க்கு மறுபிறப்புக் கொள்கை இழைத்த கொடுமையை இந்த உளவியல் ஆய்வு தொடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மறுமையில் ஆறுதல் உண்டு என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அதன் பிறகும் அதை மறுத்த குரல் தமிழுக்கு மொழிபெயர்ப்பின் வழியே வந்தது. 1931 மார்ச் 23 அன்று தூக்கிலிடப்பட்ட பகத்சிங் சிறையில் எழுதிய 'நான் ஏன் நாத்திகன்?' கட்டுரையை ப. ஜீவானந்தம் தமிழாக்கினார், 1930களின் நடுவில் அது ஈரோட்டிலிருந்து வெளிவந்தது, அதற்காக அவரும் வெளியிட்ட ஈ.வெ. கிருஷ்ணசாமியும் கைதாயினர். நம்பிக்கை துன்பத்தை இலேசாக்கும் என்பதைப் பகத்சிங் மறைக்கவில்லை. இந்து ஒருவர் அரசனாகப் பிறக்க நினைக்கலாம், முசுலிமும் கிறித்தவரும் சுவர்க்கத்தை எதிர்பார்க்கலாம், தமக்கோ கயிறு கழுத்தில் விழும் கணமே இறுதிக் கணம் என்று எழுதிய அவர், இம்மையிலோ மறுமையிலோ பரிசை நாடாமல் செய்த போராட்டமே போதும் என்றார். இக்கட்டுரையைத் தமிழில் படித்த தலைமுறைக்கு, மறுமை வேண்டாம் என்பது அச்சமின்மையின் அடையாளமாயிற்று.

பெரியாரிடம் இவ்விழைகள் ஒன்றுசேர்கின்றன. மறுபிறப்பையும் தலைவிதியையும் சாதியைக் காக்கும் கருவிகள் என்று இடைவிடாது சாடிய அவர், நீண்ட வாழ்வை வெறுத்தவர் அல்லர். 1940களில் வெளியான 'இனிவரும் உலகம்' அறிவியலின் வளர்ச்சியால் மனிதரின் ஆயுள் நூறாண்டு என்பது இரட்டிப்பாகக்கூடும் என்று எதிர்பார்க்கிறது. அந்நூலில் நீண்ட ஆயுள் தனித்து வரும் வரமாக இல்லாமல், பாடுபடுகிறவன் ஏவுகிறவன் என்ற வேறுபாடு ஒழிந்து, உழைப்பு குறைந்து, எல்லார்க்கும் எல்லாம் கிடைக்கும் சமுதாயத்தின் விளைவாக வைக்கப்படுகிறது. மேட்டுக்குப்பத்தில் தவத்தின் பயனாகக் கூறப்பட்ட நீள்வாழ்வு ஈரோட்டில் பொதுவுடைமைக் கனவின் பகுதியாயிற்று.

ஆனால் நாத்திகரின் விழைவுக்கு மிகக் கடினமான சோதனை தம் சாவில் நேர்வதில்லை; அன்புக்குரியவரின் சாவில் நேர்கிறது. தன் நீட்சியை வேண்டாதவரும் இறந்தவரை மீண்டும் காண விரும்பலாம். பெரியாரின் துணைவியார் நாகம்மையார் 1933 மே 11 அன்று மறைந்தார். பெரியார் தம் குடி அரசு இதழில் எழுதிய இரங்கலுரையில் துணைவியின் இழப்பு தமக்கு எத்தன்மையது என்பதைக் கூச்சமின்றிச் சொல்லி, தம் பொதுவாழ்வின் அலைச்சலையும் சிறைவாசத்தையும் கண்டு அவர் இனி வருந்த வேண்டியதில்லை என்ற எண்ணத்தில் தேறுதல் காண்கிறார். எங்கோ ஓரிடத்தில் அவரைச் சந்திப்போம் என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை. துக்கம் காக்காமல் உடனே திருச்சிக்குச் சென்று, தடையுத்தரவை மீறி ஒரு கிறித்தவ இணையருக்குச் சுயமரியாதைத் திருமணம் நடத்திவைத்துக் கைதானார்.

சுயமரியாதை இயக்கத்தார் வீடுகளில் கருமாதிக்கும் திதிக்கும் மாற்றாகப் படத்திறப்பு வழக்கமாயிற்று. இறந்தவரின் படத்தைத் திறந்து வைத்து, வீரவணக்கம் செலுத்தி, அவர் ஏற்ற போராட்டங்களையும் சிறை சென்ற நாட்களையும் ஊரார் முன் பேசுவர். சுயமரியாதைச் சுடரொளி என்று அவரைக் குறிப்பர். ஆன்மா சாந்தியடைய வேண்டும் என்ற வேண்டுதல் அங்கே எழாது. கண்ணும் உடலும் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கப்பட்டிருந்தால், அதுவும் அன்று பேசப்படும் செயல்களில் ஒன்றாக இடம்பெறும்.