பங்காக் கயிறும் காப்புரிமைச் சாசனமும்

வங்கத் தலைநகராம் கொல்கத்தாவில் குடியேறி வாழும் தமிழ் மக்களாகிய நாம், லேக் மார்க்கெட்டிலே வாழையிலையும் காப்பிக் கொட்டையும் வாங்கிப் பிறந்த மண்ணின் மணத்தை நுகர்ந்து மகிழ்கின்றோம். ஆயினும், நாள்தோறும் நாம் நடமாடும் இந்நகருக்குரிய ஒரு தனிச் சிறப்பை நம்மில் பலர் அறிவதில்லை. ஒருவன் தன் மதியால் கண்ட புதுமைக்கு அரசாங்கத்தாரிடம் விண்ணப்பித்து உரிமை பெறும் வழக்கம் இந்திய நாட்டிலே முதன்முதல் தோன்றியது இவ்வூரில்தான். ‘பேட்டன்ட்’ என வழங்கும் அக்காப்புரிமையின் வரலாற்றை இம்மலர் வாயிலாகச் சுருங்கக் கூற விழைகின்றோம்.

1856-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள், புதியன புனைவோருக்குப் பதினான்கு ஆண்டுகள் தனியுரிமை அளிக்கும் சட்டம் ஒன்று வெளியாயிற்று. நான்கு நாட்கள் சென்றன. மார்ச்சு 3-ஆம் நாள், கிராண்ட் சந்து 7-ஆம் எண் இல்லத்தில் வாழ்ந்த ஜார்ஜ் ஆல்பிரட் டிபென்னிங் என்னும் பொறியாளர் தம் விண்ணப்பத்தை அரசாங்கத்தாரிடம் அளித்தார். அவர் உரிமை வேண்டியது எதற்கு? பங்கா இழுக்கும் இயந்திரத்துக்கு! அந்நாளில் துரைமார் இல்லங்களிலும் கச்சேரிகளிலும் கூரையிலே தொங்கிய பெருந்துணி விசிறியைக் கயிறு கட்டி ஓர் ஏழைத் தொழிலாளி ஓயாது இழுத்துக்கொண்டிருப்பான். அவன் கை செய்யும் வேலையை இயந்திரம் செய்யட்டும் என்பதே அப்பொறியாளரின் எண்ணம்.

விண்ணப்பம் கொடுத்த அளவில் உரிமை வந்துவிடவில்லை. செப்டம்பர் 2-ஆம் நாள் அவர் தம் இயந்திரத்தின் அமைப்பையும் இயக்கத்தையும் படங்களுடன் விளக்கி விவரணம் ஒன்று சமர்ப்பித்தார். அஃது ஏற்கப்பட்ட பின்னரே உரிமை கிட்டியது. இந்த விவரணமே காப்புரிமையின் உயிர்நிலை என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்வார்களாக.

காப்புரிமை என்பது அரசும் அறிஞனும் செய்துகொள்ளும் ஓர் ஒப்பந்தம். “உன் நுட்பத்தை ஒளிவு மறைவின்றி ஊரறிய எழுதிக்கொடு, குறித்த காலம் வரை உன் இசைவின்றிப் பிறர் அதனைச் செய்யாதபடி காப்போம், காலம் முடிந்ததும் அஃது அனைவர்க்கும் பொதுவாகட்டும்” என்கிறது அரசு. மருந்தின் பக்குவத்தைத் தன் மகனுக்கும் சொல்லாமல் மறைந்துபோன வைத்தியர் கதைகளை நாம் கேட்டிருக்கின்றோம். அவ்வாறு அறிவு மனிதனோடு மண்ணுக்குள் போகாமல் தடுப்பதே இவ்வொப்பந்தத்தின் நோக்கம்.

அந்த முதற்சட்டம் நெடுநாள் வாழவில்லை. இங்கிலாந்து முடியரசின் முன்னிசைவு பெறாமல் இயற்றப்பட்டது என்னும் குறையால் 1857-இல் அது நீக்கப்பட்டது. 1859-இல் புதுச்சட்டம் வந்தது. பின்னர்ப் பல திருத்தங்களைக் கடந்து 1911-ஆம் ஆண்டின் சட்டம் பிறந்தது. அதன்வழிக் காப்புரிமை அலுவலகம் கல்கத்தாவில் நிலைபெற்றது. நெடுங்காலம் அவ்வலுவலகம் ஆசாரிய ஜகதீச சந்திர போஸின் பெயர் தாங்கிய சாலையில் இருந்து, பின்னர்ச் சால்ட் லேக்குக்குப் பெயர்ந்தது. அறிவை விலைக்கு விற்க விரும்பாத போஸ், நண்பர்களின் வற்புறுத்தலால் 1901-இல் அமெரிக்காவில் விண்ணப்பித்து 1904-இல் காப்புரிமை பெற்றும், அதனைக் கொண்டு பொருளீட்ட முனையவில்லை. அப்பெருந்தகையின் பெயர் கொண்ட சாலையிலேயே காப்புரிமை அலுவலகம் அமைந்தது காலத்தின் விந்தையன்றோ?

நாடு விடுதலை பெற்றபின் ஒரு கேள்வி எழுந்தது: இவ்வொப்பந்தத்தால் பயன் பெறுபவர் யாவர்? இதனை ஆராயும் பொறுப்பு 1957-இல் தமிழகத்து நீதிபதி ந. இராஜகோபால ஐயங்காரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1959 செப்டம்பரில் அவர் அளித்த அறிக்கை நாட்டின் கண்களைத் திறந்தது. இந்தியக் காப்புரிமைகளில் நூற்றுக்கு 80 முதல் 90 வரை அயல்நாட்டார் கையிலிருந்தன; அவற்றுள்ளும் நூற்றுக்கு 90-க்கு மேற்பட்டவை இந்நாட்டில் தொழிலாக நடத்தப்படவே இல்லை. உரிமை இங்கே, உற்பத்தி எங்கோ என்னும் நிலை! ஒப்பந்தத்தின் ஒரு பக்கம் மட்டுமே நிறைவேறிக்கொண்டிருந்தது.

அவ்வறிக்கையின் அடிப்படையில் 1970-ஆம் ஆண்டின் சட்டம் இயற்றப்பட்டு, 1972 ஏப்ரல் 20-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. உணவுக்கும் மருந்துக்கும் அவற்றைச் செய்யும் முறைக்கு மட்டுமே உரிமை உண்டு, பொருளுக்கு இல்லை என்று அது விதித்தது. அதனால் அதே மருந்தை வேறு வழியிற் செய்ய நம் தொழிலாளரும் வேதியியலாரும் கற்றனர். மருந்துத் தொழில் இந்நாட்டிலே வேரூன்றியது. உலக வர்த்தக உடன்பாட்டின் விளைவாக 2005 சனவரி முதல் நாள் தொட்டு மருந்துப் பொருளுக்கும் உரிமை வழங்கப்படலாயிற்று. எனினும், தெரிந்த மருந்துக்குச் சிறு மாற்றம் செய்து, நோய் தீர்க்கும் திறனில் உயர்வு காட்டாமல் புத்துரிமை கோரலாகாது என்னும் வேலி இடப்பட்டது.

அவ்வேலி சோதிக்கப்பட்டதும் தமிழ் மண்ணிலேதான். குருதிப் புற்றுநோய்க்கான மருந்தொன்றின் புதிய படிக வடிவத்துக்கு 1998-இல் சென்னை அலுவலகத்தில் நோவார்ட்டிஸ் நிறுவனம் விண்ணப்பித்தது. புற்றுநோயாளர் நலச் சங்கம் ஒன்றும் உள்நாட்டு மருந்து நிறுவனங்களும் எதிர்மனு அளித்தன. 2006-இல் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. 2013 ஏப்ரல் முதல் நாள் உச்ச நீதிமன்றம் அம்மறுப்பை உறுதி செய்தது. அத்தீர்ப்பிலே ஐயங்காரின் அறிக்கை விரிவாக எடுத்தாளப்பட்டது. ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் நேர்மையுடன் எழுதிய எழுத்து, எத்தனையோ ஏழை நோயாளிகளுக்கு அரணாக வந்து நின்றது!

நம் குடியிருப்பிலே பொறியியலும் வேதியியலும் பயிலும் இளைஞர் பலர் உளர். அவர்கட்காக இன்றைய முறையையும் கூறுவோம். எண்ணம் முழுமை பெறாவிடினும் தற்காலிக விவரணத்துடன் விண்ணப்பிக்கலாம். பன்னிரண்டு மாதங்களுக்குள் முழு விவரணம் தரவேண்டும். பதினெட்டு மாதம் கழிந்ததும் விண்ணப்பம் வெளியிடப்படும். பரிசோதனை வேண்டுமெனத் தனியே மனுச் செய்தாலன்றி அதிகாரி அதனைக் கையிலெடுக்கமாட்டார். புதியதா, துறையறிந்தவர்க்கும் எளிதில் தோன்றாததா, தொழிலுக்குப் பயன்படுவதா என அவர் ஆராய்ந்து ஆட்சேபங்களை எழுதி அனுப்புவார். ஆறு மாதங்களுக்குள் விடை தரவேண்டும். ஆட்சேபம் கண்டு மனந்தளர்வோர் பலர். அது மறுப்பன்று, உரையாடலின் தொடக்கமே. உரிமை வழங்குமுன் எவரும் எதிர்க்கலாம். வழங்கியபின் விண்ணப்பித்த நாளிலிருந்து இருபது ஆண்டுகள் அது நிலைக்கும், புதுப்பிப்புக் கட்டணம் தவறாதவரை. யாவற்றினும் முதன்மையான எச்சரிக்கை ஒன்றுண்டு: விண்ணப்பிக்குமுன் நுட்பத்தை அச்சிலோ அவையிலோ வெளியிட்டால், தம் புதுமையைத் தாமே பழமையாக்கியவராவோம்.

2022-23-ஆம் ஆண்டில் இந்தியாவில் அளிக்கப்பட்ட 82,811 விண்ணப்பங்களுள் பாதிக்கு மேற்பட்டவை இந்நாட்டாருடையவை. மாநிலங்களுள் தமிழ்நாடே முதலிடம் பெற்றது. ஐயங்கார் கண்ட நிலை மாறி வருகின்றது. எண்ணிக்கை மட்டும் போதாது. எழுதிக் கொடுத்தவை தொழிலாகி மக்களுக்குப் பயன்படவும் வேண்டும். பங்காக் கயிறு இழுத்த ஏழையின் கை ஓய்வு பெறுமா என்பதே அன்றும் இன்றும் புதுமைக்குரிய உரைகல். அவ்வுரைகல்லில் தேறும் புதுமைகளை நம் சங்கத்துப் பிள்ளைகள் படைத்து, பிறந்த நாட்டுக்கும் வாழும் நகருக்கும் பெருமை சேர்ப்பார்களாக என்று வாழ்த்தி அமைகின்றோம்.