பட்டாளம் படைத்த விளையாட்டு

இளைஞரை அமெரிக்கச் சேனையின்பால் ஈர்க்கும் நோக்கத்துடன் மாண்டெரே நகரத்துக் கடற்படை உயர்கல்வி நிலையத்தில் உருவாக்கப்பட்டு, 2002 ஜூலை 4 அன்று இலவசமாக வெளியான 'அமெரிக்காஸ் ஆர்மி' என்னும் கணினி விளையாட்டின் தலையாய குணம், யுத்தத்தை வெறும் களியாட்டமாக்காமல் கட்டுப்பாட்டையும் போதித்ததே ஆகும். மருத்துவ வீரனாக விரும்பியவன் முதலுதவிப் பாடத்தைக் கேட்டுத் தேர்வில் தேறவேண்டும். பயிற்சியாசிரியரைச் சுட்டவனோ விளையாட்டினுள்ளேயே லெவன்வொர்த் என்னும் பட்டாளச் சிறையறையில் அடைபடுவான்.

ஆயினும், இரு அணியினரும் தம்மை அமெரிக்க வீரராகவும் எதிரணியைப் பகைவராகவுமே காணுமாறு அமைத்த தந்திரம், மாற்றார் நிலையினின்று யுத்தத்தை நோக்கும் வாய்ப்பை அறவே அடைத்தது; குருதியும் வேதனையும் பெரும்பாலும் மறைக்கப்பட்டமையால், மரணத்தின் சொரூபத்தை அறியாமலே இளம் உள்ளங்கள் பட்டாளத்தின்மீது மோகங்கொள்ள இடமாயிற்று. 2022இல் அதன் சேவை நிறுத்தப்பட்டது. ஒழுக்கத்தைக் கற்பித்த சிறப்பை மனமார ஏற்கும் நாம், யுத்தத்தின் விலையைச் சொல்லாத குறையைப் பொறுத்தலாகாது.