வரி யார் கையில்?

முடி சூடியவரே ஆள்பவர் என்று எண்ணுவோர் உளர். வரலாறு நகைக்கிறது!

ஜப்பானிலே மினமோட்டோ யோரிட்டோமோ 1185-இல், வரி தண்டவும் காவல் புரியவும் தம் வீரர்களை அமர்த்தினார். 1192-இல் ‘ஷோகன்’ பட்டமும் பெற்றார். அரியணையிலே பேரரசர், அதிகாரமோ மெல்ல மெல்ல வாளிடம்!

இங்கோ, விஜயநகர வேந்தர், படை திரட்டித் தரும் நாயக்கர்க்கு வரி தண்டும் நிலங்களை வழங்கினர். வரியும் வாளும் ஒரே கையில் சேர்ந்தன; முடி தளர்ந்தது. வேலூரிலிருந்து ஆண்ட இரண்டாம் வேங்கடர் 1614-இல் மறைந்தார். புது மன்னர் ஸ்ரீரங்கரைக் குடும்பத்தோடு கொன்றான் ஜக்கராயன். தப்பியவன் ஒரு மகனே. அடுத்த மன்னன் யாரென முடிவு செய்தது, தோப்பூரில் மோதிய நாயக்கர் வாள்!

அங்கும் இங்கும் உழுதவனின் கருத்துக் கேட்கப்படவில்லை. வரி மட்டுமே கேட்கப்பட்டது. தோழனே, வேலூர்க் கோட்டையைக் காணும்போது, ‘ஆண்டவர் யார்?’ என்பதோடு நில்லாதே. ‘வரி தந்தவர் யார்?’ என்றும் கேள்!