ராஜா போட்ட ரோடு

காலை ஏழு மணிக்குப் புறப்பட்டால் இருட்டுவதற்குள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம். நடுவில் ஒரு மலை முகடு, சில பள்ளத்தாக்குகள், வழியெல்லாம் கல்லால் கட்டிய குட்டிக் குட்டி ஊர்கள். ஒரு நல்ல ஷூ, தண்ணீர் பாட்டில், மதியத்துக்கு ரொட்டியும் ஆட்டுப்பால் சீஸும் இருந்தால் போதும். முட்டி வலிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கூட வரலாம்.

இடம், தெற்கு பிரான்ஸில் இருக்கும் செவென் மலைப்பிரதேசம். புறப்படும் ஊரின் பெயர் லெ பான் து மோன்வேர். தார்ன் நதியின் மேல் ஒரு பழைய கல் பாலம், பாலத்தின் முனையில் கடிகாரம் வைத்த ஒரு சின்ன கோபுரம், ஆற்றை ஒட்டி வீடுகள். ஊர் அவ்வளவுதான். வெயில் காலத்தில் வருகிறவர்கள் பாலத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று தெரிந்திருக்கட்டும். 1702ம் வருடம் ஜூலை 24ம் தேதி ராத்திரி, இந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பாதிரியாரைக் குத்திக் கொன்றார்கள். உடம்பில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள் என்று சொல்வார்கள். ஆளுக்கொரு குத்து. நாம் இன்று சுற்றிவரப் போவது அந்தக் கொலையைத்தான்.

ஊரைவிட்டுத் தெற்கே திரும்பியதும் ஏற்றம் ஆரம்பித்துவிடும். மூச்சு வாங்கும். பேசிக்கொண்டே போனால் தெரியாது.

பிரான்ஸ் கத்தோலிக்க தேசம். ப்ராட்டஸ்டண்டுகள் அங்கே சிறுபான்மை. இரண்டு தரப்பும் பல வருடங்கள் வெட்டிக்கொண்டு செத்தபிறகு, போதும் என்று 1598ல் ஓர் அரசாணை போட்டார் நான்காம் ஹென்றி. நாந்த் நகரத்தில் போட்டதால் நாந்த் அரசாணை. ப்ராட்டஸ்டண்டுகள் அவர்கள் பாட்டுக்கு இருக்கலாம், கும்பிடலாம். செவென் மலையில் பல பள்ளத்தாக்குகளில் அவர்கள்தான் பெரும்பான்மை. நிம்மதியாக இருந்தார்கள்.

ஹென்றியின் பேரன் பதினான்காம் லூயிக்கு இது பொறுக்கவில்லை. ஒரே ராஜா, ஒரே சட்டம், ஒரே மதம். 1681ல் ஒரு வேலை ஆரம்பித்தது. டிராகூன்கள் என்கிற முரட்டுக் குதிரைப்படை வீரர்களை ப்ராட்டஸ்டண்ட் வீடுகளில் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். சாப்பாடு, சாராயம், குதிரைக்குத் தீனி எல்லாம் வீட்டுக்காரன் செலவு. அடி உதை தனி. மதம் மாறிவிட்டேன் என்று சொன்னால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் காமர்ஸ் படித்தவன். சொல்கிறேன், இதைவிடச் சிக்கனமான ஒரு மதமாற்றத் திட்டத்தை எந்த அக்கவுண்டண்டாலும் போட்டுத் தர முடியாது.

1685 அக்டோபரில் தாத்தாவின் ஆணையையே லூயி ரத்து செய்தார். ப்ராட்டஸ்டண்ட் போதகர்களுக்குப் பதினைந்து நாள் கெடு. மாறு, இல்லாவிட்டால் நாட்டைவிட்டு ஓடு. சாதாரண ஜனங்களுக்கு ஓடவும் அனுமதி கிடையாது. பிடிபட்டால் ஆணுக்கு வாழ்நாள் முழுக்கக் கப்பலில் துடுப்புப் போடும் தண்டனை. பெண்ணுக்குச் சிறை. அப்படியும் சுமார் இரண்டு லட்சம் பேர் ஓடிவிட்டார்கள். நெசவாளர்கள், கைவினைஞர்கள், வியாபாரிகள். லண்டனும் ஆம்ஸ்டர்டாமும் பெர்லினும் வாரி அணைத்துக்கொண்டன. பிரான்ஸின் பேரேட்டில் பற்று, எதிரிகளின் பேரேட்டில் வரவு.

நகரத்துக்காரன் தொழிலைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவான். மலைக்காரன் எதை எடுத்துக்கொண்டு ஓடுவான்? அவனுடைய சொத்து கல் வீடும் செஸ்ட்நட் மரமும். கோதுமை சரியாக விளையாத இந்தச் சரிவுகளில் செஸ்ட்நட்தான் சோறு. தனியாக ஒரு சின்னக் கல் அறை கட்டி, அதில் வாரக்கணக்கில் புகை மூட்டம் போட்டுக் காயவைத்து வருடம் பூராவும் சாப்பிடுவார்கள். ரொட்டி மரம் என்றே அதற்குப் பெயர். அதை விட்டுவிட்டு எங்கே போவது? பகலில் சர்ச்சுக்குப் போய்க் கத்தோலிக்கராக நின்றார்கள். ராத்திரியில் மலை இடுக்குகளில் கூடிப் பழைய மாதிரி ஜெபம் செய்தார்கள்.

இதோ, முகட்டுக்கு வந்துவிட்டோம். பூஜெஸ் மலை. உயரம் 1,421 மீட்டர். கிட்டத்தட்ட ஏற்காடு. வடக்கே மொட்டை மொட்டையாகத் தெரிகிறதே, அது மோன் லொசேர். முழுக்கக் கருங்கல். தெற்கே பாருங்கள். கசக்கிப் போட்ட காகிதம் மாதிரி முகடுக்குப் பின்னால் முகடு. நடுவில் எல்லாம் ஆழமான வெட்டுகள். ஒரு பள்ளத்தில் இருப்பவனுக்கு அடுத்த பள்ளத்தில் நடப்பது தெரியாது. ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் ஏது?

அதைத்தான் ராஜாவின் அதிகாரியும் கவனித்தார். பெயர் பாவீல். லாங்டாக் மாகாணத்தை முப்பது வருடத்துக்கும் மேலாக ஆட்டிவைத்தவர். பள்ளத்தாக்குக்குள் இறங்கினால் மாட்டிக்கொள்வோம் என்று அவருக்குத் தெரியும். என்ன செய்தார்? முகடுகளின் மேல் ரோடு போட்டார். ஆட்டு மந்தைகள் போய்வந்த பழைய தடங்கள், கோவேறு கழுதைப் பாதைகள், எல்லாவற்றையும் அகலப்படுத்தி, பீரங்கி வண்டி போகிற அளவுக்குக் கொண்டுவந்தார். ஃப்ளோராக்குக்கும் சான் ழான் து கார்டுக்கும் நடுவே இன்று டூரிஸ்டுகள் காரில் போய் ஆஹா ஓஹோ என்கிற அந்த முகட்டு ரோடு, இப்படி வந்ததுதான். இயற்கை ரசிகர்களுக்காகப் போட்டதில்லை. மேலே இருந்துகொண்டு கீழே சுடுவதற்காகப் போட்டது.

இந்த ரோடுகளைக் கண்காணிக்கும் பொறுப்பில் இருந்தவர் துஷைலா என்கிற பாதிரியார். ஜனங்களைக் கத்தோலிக்கராக்கும் வேலைக்கும் அவர்தான் பொறுப்பு. பாலத்துக்குப் பக்கத்து வீடே அவருக்கு ஜெயில். 1702 ஜூலையில், ஜெனீவாவுக்குத் தப்பி ஓடப்பார்த்த ஒரு கூட்டத்தைப் பிடித்து அங்கே அடைத்தார். பிளந்த மரக்கட்டைகளுக்கு நடுவே கால்களை மாட்டிவைத்திருந்தார் என்பார்கள்.

நாம் நிற்கிற இந்த பூஜெஸ் மலைக் காட்டில்தான் ஐம்பது, அறுபது பேர் கூடினார்கள். முன்னால் நின்றவர்கள் அப்ரஹாம் மஸேல், எஸ்ப்ரி செகியே. கம்பு, அரிவாள், சில துப்பாக்கிகள். சங்கீதம் பாடிக்கொண்டே ராத்திரியில் இறங்கினார்கள். கதவை உடைத்துக் கைதிகளை விடுவித்தார்கள். வீட்டுக்குத் தீ வைத்தார்கள். துஷைலா படுக்கை விரிப்புகளைக் கயிறாக்கி ஜன்னல் வழியே இறங்கும்போது விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அப்புறம் நடந்ததை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

செகியேவைச் சீக்கிரமே பிடித்துவிட்டார்கள். ஆகஸ்ட் 12ம் தேதி அதே ஊரில் வலது கையை வெட்டிவிட்டு உயிரோடு கொளுத்தினார்கள். அடங்கிவிடும் என்று நினைத்தார்கள். மலை முழுக்கப் பற்றிக்கொண்டது.

காமிசார்கள் என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. ராணுவ உடுப்பு கிடையாது, வெறும் சட்டைதான். உள்ளூர் பாஷையில் காமிசோ என்றால் சட்டை. மொத்தம் சில ஆயிரம் பேர். கம்பளி நெய்கிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள். அவர்களில் பெரிய தளபதியான ழான் கவாலியே ஒரு பேக்கரிப் பையன். வயது இருபத்தொன்று. எதிரில் நின்றது, ஐரோப்பாவே நடுங்கிய லூயியின் படை. இருபதாயிரத்துக்கும் மேல். ஆனாலும் ஜெயிக்க முடியவில்லை. சங்கீதம் பாடிக்கொண்டே இவர்கள் இறங்கி வருவதைக் கேட்டுப் பல இடங்களில் சிப்பாய்கள் ஓடியிருக்கிறார்கள்.

இவர்களும் உத்தமர்கள் இல்லை. 1703 பிப்ரவரியில் ஃப்ரெசினே து ஃபூர்க் என்ற கத்தோலிக்க ஊருக்குள் புகுந்து சுமார் நாற்பது பேரைக் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம்.

சரி, முகட்டிலிருந்து கீழே இறங்கலாம். பள்ளத்தாக்குச் சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற இந்த ஊர்களைக் கவனியுங்கள். நாலு வீடு, ஐந்து வீடு. சுவர் கல். கூரையும் கல் பலகை. எந்தப் பாறையின் மேல் நிற்கிறதோ அதே பாறையை வெட்டிக் கட்டியது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் வீடு எங்கே முடிகிறது, மலை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியாது.

1703 இலையுதிர் காலத்தில் லூயியின் அரசு எடுத்த முடிவு இந்த வீடுகளைப் பற்றியது. போராளிகளுக்குச் சோறு போடுவது யார்? கிராமங்கள். கிராமமே இல்லாவிட்டால்? 466 ஊர்களையும் குக்கிராமங்களையும் தரைமட்டமாக்க உத்தரவு. ஜனங்களை மொத்தமாக வெளியேற்றி, சொன்ன இடத்தில் போய் இருக்கச் சொன்னார்கள். பொறுப்பு, ழூலியன் என்கிற படைத்தளபதிக்கு. அவரே ஒரு காலத்தில் ப்ராட்டஸ்டண்டாக இருந்தவர்!

கடப்பாரையோடு ஆட்கள் வந்தார்கள். இடித்தார்கள், இடித்தார்கள், இடித்துக்கொண்டே இருந்தார்கள். சுவர் நகரவில்லை. இந்த வேகத்தில் போனால் பனிக்காலம் வந்துவிடும் என்று மேலே எழுதிக் கேட்டு, எரிக்க அனுமதி வாங்கினார் ழூலியன். அதன்பிறகுதான் வேலை வேகமெடுத்தது. மரச் சட்டம், வைக்கோல், தானியம், நெசவுத் தறி எல்லாம் சாம்பல். கூரைகள் உள்ளே சரிந்தன.

சுவர்கள் நின்றன. கல்லுக்கு எங்கே தீப்பிடிக்கும்?

1704ல் புது மார்ஷல் விலார் வந்தார். தடியை வைத்துவிட்டுப் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். கவாலியே உடன்பட்டார். அப்புறம் அவர் இங்கிலாந்துப் படையில் சேர்ந்து, ஜெர்ஸி தீவின் துணை கவர்னராகி, 1740ல் செத்துப்போனது தனிக்கதை. இன்னொரு தளபதி ரோலான் பணியவில்லை. ஆகஸ்டில் காட்டிக்கொடுக்கப்பட்டுச் செத்தார். போர் ஓய்ந்தது.

ஜனங்கள்? திரும்பி வந்துவிட்டார்கள். நிற்கிற சுவர் மேல் மறுபடி கூரை போட்டார்கள். ராத்திரி ஜெபமும் தொடர்ந்தது. 1787ல், பதினாறாம் லூயி காலத்தில், இவர்களும் பிரஜைகள்தான் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ளும்வரை தொடர்ந்தது. 1942க்குப் பிறகு நாஜிகளிடமிருந்து தப்பி வந்த யூதர்களை இதே பள்ளத்தாக்கு வீடுகள் ஒளித்துவைத்துக் காப்பாற்றின. ஒளிப்பது எப்படி என்று இந்த வீடுகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் வழியில் நாம் பார்த்த பாழடைந்த வீடுகள்? பாதி ஊர் காலியாகக் கிடக்கிறதே, அது லூயி வேலை இல்லையா?

இல்லை. 1709ன் கடுங்குளிருக்குப் பிறகு இந்த மலையில் பட்டுத் தொழில் வளர்ந்தது. காசு புரண்டது. ஜனத்தொகை பெருகியது. 1850கள் வாக்கில் பட்டுப்புழுவுக்கு ஒரு நோய் வந்து தொழில் நொறுங்கியது. மருந்து தேடி 1865ல் லூயி பாஸ்டரே அலெஸ் நகரத்துக்கு வந்து உட்கார்ந்தார். நோயைப் பிடித்துவிட்டார். ஆனால் அதற்குள் வெளிநாட்டுப் பட்டு மலிவாக வந்து இறங்கிவிட்டது. செஸ்ட்நட் மரங்களும் நோயில் விழுந்தன. கீழே சமவெளியில் நிலக்கரிச் சுரங்கம். மாசம் பிறந்தால் கூலி. இந்த மலைகளில் பெரும்பகுதி அடங்கிய லொசேர் மாவட்டத்தின் ஜனத்தொகை 1851ல் சுமார் 1,44,000. இன்றைக்குச் சுமார் 77,000. பிரான்ஸின் நிலப்பரப்பிலேயே மிகக் குறைந்த ஜனத்தொகை உள்ள மாவட்டம்.

இருபதாயிரம் சிப்பாய்களும் 466 ஊர்களில் வைத்த தீயும் செய்ய முடியாததை, ஒரு புழுவின் காய்ச்சலும் ஒரு சம்பளக் கவரும் செய்துவிட்டன. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை.

பாலம் வந்துவிட்டது. ஷூவைக் கழற்றிவிட்டு ஆற்றில் காலை வையுங்கள், ஜில்லென்றிருக்கும். புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். இந்த மலைக்குள் ராணுவம் ஏறி வருவதற்காக லூயி ரோடு போட்டார். நூற்றைம்பது வருடம் கழித்து ஊர்க்காரர்கள் அதே ரோட்டில் இறங்கிப் போனார்கள். யாரும் விரட்டவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, அவர்களாகவே.